பழைய போர்டில் என்விஎம்இ: பயாஸை மாற்றலாமா, பென்டிரைவே போதுமா?

2012-இல் வந்த இன்டெல் இசட்77 சிப்செட் மதர்போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ எஸ்எஸ்டியை (பிசிஐஇ வழியே ஓடும் வேகமான சேமிப்பு டிரைவ்) பிசிஐஇ அடாப்டரில் செருகினால் விண்டோஸ் 10-க்குள் தெரியும். அதிலிருந்து பூட் மட்டும் ஆகாது. போர்டைக் கிளப்பும் மென்பொருளான பயாஸில் அதற்கான டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

யுஇஎஃப்ஐடூல் என்ற பயாஸ் திருத்தும் மென்பொருளில் பயாஸ் கோப்பைத் திறந்து, டிஎக்ஸ்இ (பூட் ஆகும்போது ஏறும்) டிரைவர் வரிசையின் கடைசியில் என்விஎம்இ மாட்யூலைச் சேர்த்து போர்டின் பயாஸ் சிப்பில் ஃபிளாஷ் செய்யலாம், அதாவது எழுதலாம். ஒருமுறை வேலை. ஆனால் பாதியில் கரண்ட் போனால் போர்டு கிளம்பாமலே போகலாம். அப்புறம் அந்த எட்டுக்கால் சிப்பில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ புரோகிராமரால் (சிப்பில் நேரடியாக எழுதும் சிறு கருவி) பழைய பயாஸை எழுத வேண்டும். பேக்கப் எடுத்திருந்தால், சரி!

க்ளோவர் என்ற பூட்லோடர் போட்ட பென்டிரைவோ அந்த டிரைவரை ஒவ்வொரு முறையும் தானே ஏற்றித் தரும். சில நொடி தாமதம், ஒரு யுஎஸ்பி போர்ட் போச்சு. புரோகிராமர் கையில் இல்லாதவருக்கு இதைத்தான் சொல்வேன்.