டூக்கி சேஸ், நியூ ஆர்லியன்ஸ்: கம்போவும் மாடி அறையும்

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த மறு வாரம், லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜிலிருந்து எண்பது மைல் காரோட்டி அதே மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் போனோம். எங்கே சாப்பிடுவது என்ற பேச்சே எழவில்லை. ஆர்லியன்ஸ் அவென்யூவில், 1941 முதல் இருக்கும் டூக்கி சேஸ் உணவகம்தான்.

முதலில் கம்போ வந்தது. மாவைக் கொழுப்பில் கருஞ்சிவப்பாக வறுத்து, நண்டும் இறாலும் சாசேஜும் சேர்த்த கெட்டிக் குழம்பு, சோற்றோடு. நம் நாக்குக்குக் காரம் குறைவுதான். ஆனாலும் காரச் சாஸை நான் தொடவில்லை. ருசி பார்க்கும் முன்பே சாஸ் ஊற்றிய ஒபாமாவையே கண்டித்தவர், இந்தச் சமையலறையை ஆண்ட லியா சேஸ் அம்மையார். 2019இல், 96 வயதில் மறைந்தார். பொரித்த கோழியின் தோல் மொறுமொறுவென்று நொறுங்கியது. இன்னொரு தட்டு வாங்கினோம்.

ஆனால் என்னை இங்கே இழுத்தது மாடி அறை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உண்பதே சட்டவிரோதமாக இருந்த காலத்தில், அந்த அறையில் இருதரப்பினரும் கம்போ சாப்பிட்டபடி வாக்காளர் பதிவுக்கும் மறியலுக்கும் திட்டமிட்டார்கள். கறுப்பின உரிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஏ. பி. டுரோவும், ‘டச்சு’ என்ற பட்டப்பெயர் கொண்ட எர்னஸ்ட் மோரியலும் அங்கே கூடியவர்கள். மோரியல் 1977இல் இந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார்.

அந்தத் திட்டங்களின் அருமை தெரிய ஒரு கணக்குப் போதும். லூசியானாவில் 1896இல் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1898இல் எழுத்தறிவு, சொத்து என்று நிபந்தனைகள் வந்தன. 1867 தொடக்கத்தில் தந்தைக்கோ பாட்டனுக்கோ வாக்குரிமை இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? 1904இல் மிஞ்சியவர்கள் 1,342 பேர். 1960களில்கூட விண்ணப்பதாரர் தம் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று எழுத வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் திருப்பி அனுப்பலாம். என் மகள் மேசையிலேயே தன் வயதை அப்படி எழுதிப் பார்த்தாள். இரண்டு முறை தப்பாக வந்தது. நானோ உறுதிமொழி எடுத்த கூடத்திலேயே ஐந்து நிமிடத்தில் வாக்காளராகப் பதிந்துகொண்டேன். இத்தகைய தடைகளை நீக்கிய 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்காக அடி வாங்கியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சுவர்களில் கறுப்பின ஓவியர்களின் படைப்புகள் இருக்கின்றன, நின்று பாருங்கள். மாடி அறையைப் பற்றிப் பரிமாறுபவரிடம் கேளுங்கள். எங்கள் மேசைக்கு வந்தவர் அவசரப்படாமல் நின்று சொன்னார். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. பீச் காப்ளர் என்ற பழ இனிப்புக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.