மகாதீர் ஆட்சி: 3.80 பிடித்தது, அந்த வாய் பிடிக்கவில்லை

2024 பிப்ரவரியில் மலேசிய ரிங்கிட் டாலருக்கு 4.80ஐ நெருங்கியபோது, தொழில் செய்யும் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணே, மகாதீர் செய்த மாதிரி ரிங்கிட்டை டாலரோடு ஒரே விலையில் கட்டிப் போட்டால் என்ன?" கேட்டவர்களில் பாதிப் பேர் 1998ல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இது. மகாதீர் மலேசியப் பிரதமராக இருந்தது 1981 முதல் 2003 வரை 22 வருடம், அப்புறம் 2018ல் வந்து இரண்டு வருடத்துக்கும் குறைவு. இரண்டு தவணையிலும் வரி கட்டி, ஓட்டுப் போட்டு, டாலரில் இயந்திர உதிரிபாகம் இறக்கிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரட்டைக் கோபுரம், புரோட்டோன், நெடுஞ்சாலை எல்லாம் ஊருக்கே தெரியும். அதை விட்டுவிடலாம்.

முதலில் நல்லது. டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிப் போட்டது.

1997 நடுவில் ஒரு டாலர் இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் 4.88. இடையில் இருந்த மாதங்களில் ஆர்டர் போட்ட எவனும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டான். ஆர்டர் போடும்போது ஒரு விலை, கிள்ளான் துறைமுகத்தில் பெட்டி இறங்கும்போது வேறு விலை. வாடிக்கையாளர் போன் செய்தால் விலை சொல்லவே பயம். வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. 1997 தொடக்கத்தில் 1,200க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடு 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262க்கு வந்து நின்றது.

அன்றுதான், பணம் நாட்டை விட்டு ஓடுவதைத் தடுக்க, மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தார்கள். மறுநாள் டாலருக்கு 3.80 என்று கட்டினார்கள். வெளிநாட்டில் கிடக்கும் ரிங்கிட் எல்லாம் அக்டோபர் 1க்குள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். இங்கே பங்கு விற்ற காசை வெளிநாட்டுக்காரர் ஓராண்டுக்கு வெளியே எடுத்துப் போக முடியாது. பயணம் போகிறவர் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கையில் கொண்டு போகக் கூடாது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒரு விலை சொல்லி அதே விலைக்கு விற்க முடிந்தது, அது போதும். 2005 ஜூலை 21 வரை, ஏறக்குறைய ஏழு வருடம், கால்குலேட்டரில் 3.8ஐ விரல் தானாகவே அழுத்தும். வட்டியும் இறங்கியது. 1998ல் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிய பொருளாதாரம் 1999ல் 6 விழுக்காடு வளர்ந்தது. அதுவும் கடனுக்காக ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் போய் நிற்காமல். முழு மதிப்பெண்.

நியாயமாகவும் கொஞ்சம் பேசுவோம். ஐஎம்எஃப் சொன்னபடி நடந்த தென்கொரியா 1999ல் நம்மைவிட வேகமாக எழுந்தது. ரிங்கிட் 4.88ல் தலைதெறிக்க ஓடியபோது யாரும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. நாலு ரிங்கிட் சில்லறைக்குத் திரும்பி வந்த பிறகுதான் கட்டினார்கள். அதே செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவே வட்டியைக் குறைக்க ஆரம்பித்தது. மருந்தால் குணமானதா, காய்ச்சல் தானாக இறங்கியதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எனக்கு அந்த ஏழு வருடம் நிஜம்.

இனி அந்த வாய்.

1997 செப்டம்பர், ஹாங்காங்கில் உலக வங்கியும் ஐஎம்எஃப்பும் கூட்டம் போட்டிருக்கின்றன. நம்மாள் மேடை ஏறி, நாணய வியாபாரமே தேவையற்றது, ஒழுக்கக்கேடு, அதை நிறுத்த வேண்டும் என்றார். மறுநாள் பெரிய நாணய வியாபாரி ஜார்ஜ் சோரோஸ், மகாதீர் தன் சொந்த நாட்டுக்கே ஆபத்து என்று பதில் கொடுத்தார். சந்தை திறந்தது, ரிங்கிட் விழுந்தது. சில நாள் கழித்து மகாதீர் சிலிக்குப் போனார். மறுபடி அதே பேச்சு, மறுபடி விழுந்தது. அவர் சொன்னதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காசை விற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவன் முன்னால் நின்று, விற்பதையே தடை செய்ய வேண்டும் என்று முழங்கினால் அவன் என்ன செய்வான்? அன்றைக்கே விற்பான். விற்றான். அந்த வித்தியாசத்தை என் மாதிரி ஆட்கள் கட்டினோம்.

இது புதிதும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஈயத்தின் விலையை ஏற்றுவதற்காக அரசாங்கம் மறைமுகமாக ஈயம் வாங்கிக் குவித்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1986ல் அவரே அதை ஒப்புக்கொண்டார். குற்றம் மட்டும் லண்டன் சந்தைக்காரர்கள் மேல்தான். எதற்கும் வேறு யாராவது கிடைப்பார்கள். அதே 1986ல், மந்தத்தில் இருந்து வெளியே வர, வெளிநாட்டு முதலீட்டுக்கான பங்குடைமை விதிகளைத் தளர்த்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பான் தொழிற்சாலைகள் வந்தன. நம் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

என் எரிச்சல் அவர் பேசுவதில் மட்டும் இல்லை. யாராலும் அவரை நிறுத்த முடியாது என்பதில். 1997 நவம்பரில், ஆளும் அம்னோ கட்சிக்கு நெருக்கமான ரெனோங் நிறுவனத்தின் பங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை அதன் குழுமத்திலேயே இருந்த யூஇஎம் நிறுவனம் 2.3 பில்லியன் ரிங்கிட் கொடுத்து வாங்கியது. சந்தை அரண்டுபோனது. 2000ல் மாஸ் விமான நிறுவனத்தின் பங்கை அரசாங்கம் எட்டு ரிங்கிட் வீதம் திரும்ப வாங்கியது. சந்தையில் அது பாதி விலைக்கும் கீழே கிடந்தது. நெருக்கடியில் பாக்குன் அணைக்கட்டைத் தள்ளிப் போட்டார்கள், ஆனால் 1999ல் பிரதமர் அலுவலகம் புதிதாகக் கட்டிய நிர்வாக நகரமான புத்ராஜெயாவில் குடியேறிவிட்டது. அது பிராங் பெசார் போன்ற ரப்பர் தோட்டங்கள் இருந்த மண். அங்கே பால்மரம் வெட்டிய நம் சனம் டெங்கில் பக்கம் அடுக்குமாடிக்குப் போனது. வேண்டாம் என்று சொல்ல யார் இருந்தார்கள்?

3.80 அறிவித்த தேதியை மறுபடி பாருங்கள். 1998 செப்டம்பர் 2. நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்த அன்வார் இப்ராஹிமைப் பதவியில் இருந்து தூக்கியதும் அதே நாள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கவர்னரும் துணை கவர்னரும் சில நாள் முன்னால்தான் விலகியிருந்தார்கள். எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய அதே நாட்களில்தான் அந்த முடிவு வந்தது. எனக்குப் பிடித்த 3.80ம், எனக்குப் பிடிக்காத இந்தக் கேட்பாரற்ற தன்மையும் ஒரே இடத்தில் இருந்து வந்தவை. ஒன்றை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ள முடியாது. கட்டிப் போடலாமே என்று கேட்கிற தம்பிகள் இதைத்தான் யோசிப்பதில்லை.

இரண்டாம் தவணையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2018 ஜூன் 1ல் ஜிஎஸ்டி பூச்சியமானது, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. கிழக்குக்கரை ரயில் திட்டத்தின் செலவை 65.5 பில்லியனில் இருந்து 44 பில்லியனாகப் பேசிக் குறைத்தார், அது நல்ல வேலை. ஆனால் வந்ததுமே நாட்டுக்கு ஒரு டிரில்லியன் ரிங்கிட் கடன் என்று அவர் அரசாங்கமே உலகத்துக்கு அறிவித்தது. பழைய வாய்தான். 2020 பிப்ரவரி 24, கொரோனா வாசலில் நிற்கும்போது திடீரென்று விலகினார். யார் ஆட்சி செய்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு வாரம் போனது.

இன்னொன்று. 3.80 காலத்தில் ஒரு ரிங்கிட் சுமார் 11 முதல் 13 இந்திய ரூபாய். திட்டு வாங்கிய இதே ரிங்கிட் 2024ல் 17 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊருக்குக் காசு அனுப்புகிறவர் யாரும் கட்டிப் போடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? டாலரோடு கட்டினால் டாலரோடு மட்டும்தான் கட்டு. சிங்கப்பூர் வெள்ளி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். மறுபடி வேண்டுமா என்றால் வேண்டவே வேண்டாம். டாலரில் இறக்குமதி செய்கிறவர்கள் வங்கியில் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே டாலர் விலையைப் பேசி ஒப்பந்தம் போட்டுவிடுங்கள்.  நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன்.