பொன்னியின் செல்வன் மேடையில்: மணியத்தின் ஓவியமா, தஞ்சைச் சுவரோவியமா?

1950இல் தொடராகத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னை மேடையேற்றுபவர், உடைகளுக்கு, அந்தத் தொடருக்குப் படம் வரைந்த ஓவியர் மணியத்தின் ஓவியங்களைப் பின்பற்றலாம், அல்லது தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்காலச் சுவரோவியங்களைப் பின்பற்றலாம். மணியத்தின் உருவங்கள் வாசகர் மனத்தில் பதிந்திருப்பதால், நந்தினியின் கொண்டையைக் கண்டதுமே கடைசி வரிசைக்கும் ஆள் விளங்கிவிடும். சுவரோவியங்கள் காலத்துக்கு நெருக்கமானவை என்றாலும், மேலாடையற்ற உடலில் ஒலிவாங்கியை மறைப்பது கடினம் என்பதோடு, தைக்காத துணியைக் காட்சிகளுக்கிடையே மடிப்பு வைத்து உடுத்தவும் நேரம் போதாது. மடிப்புகளை முன்கூட்டியே தைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். முதன்மைப் பாத்திரங்களுக்கு மணியத்தையும், கூட்டக் காட்சிகளுக்குச் சுவரோவியத்தையும் நான் தேர்வேன்.