லாம்டா உள்ள அணுக்கரு: புராஜெக்டுக்கு எந்த மாடல எடுக்கலாம்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்எஸ்சி ஃபிசிக்ஸ் படிக்குற பிள்ளைய புராஜெக்டுக்கு நியூக்ளியர்னு எடுத்தா நேரா மணவாளக்குறிச்சி மணலுக்குத்தான் போவுது, அதும் நல்ல வேலைதான், அந்த மணல்ல வர மோனசைட் தாதுல இருக்க தோரியம் 232-க்கு அரை ஆயுசு 1400 கோடி வருஷம், நிதானமா இருந்து அளக்கலாம். ஆனா தியரில ஆசை இருக்க பிள்ளையளுக்கு ஹைப்பர் அணுக்கருனு ஒரு விஷயம் கெடக்கு மக்கா, அத யாரும் சொல்லித் தர மாட்டேங்காங்க. லாம்டாங்குற துகள் ஒரு நானோ செகண்டுல கால்வாசி நேரம்தான் இருக்கும், அதுக்குள்ள புரோட்டான் நியூட்ரான் கூட சேந்து ஒரு அணுக்கருவாவே நிக்கும். வார்சாவுல டேனிஷும் ப்னியெவ்ஸ்கியும் காஸ்மிக் கதிர் பட்ட போட்டோ எமல்ஷன் தட்டுல முதல்ல பாத்தது இதத்தான், 1952-ல.

லாம்டாவுக்குள்ள ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இருக்கதுனால, ஒரே மாதிரி துகள் ரெண்டு ஒரே நிலையில இருக்கக் கூடாதுங்குற பாலி விதி அதத் தடுக்காது, நியூக்ளியான் (புரோட்டான், நியூட்ரான் ரெண்டுக்கும் பொதுப் பேரு) நெறஞ்சு கெடக்க அடி லெவலுக்கே நேரா போய் உக்காந்துக்கும். அதுக்கு கெடைக்குற குழியோட ஆழம் சுமார் 30 எம்இவி (அணுக்கரு ஆற்றல அளக்குற அலகு), நியூக்ளியானுக்கு 50 கிட்ட. இதக் கணக்கு போட நாலு வழி இருக்கு, கிளஸ்டர், ஷெல், சராசரி புலம், ஆப் இனிஷியோனு, எத எடுக்கணும்னு கேட்டா எனக்க அளவுகோல் ஒண்ணுதான்: அளக்குறதுக்கு முன்னாடியே அந்த மாடல் என்ன சொல்லிச்சு? அளந்த பெறவு பாராமீட்டரத் திருவி ஒத்துப்போக வைக்கிறது எந்த மாடலுக்கும் முடியும்.

அந்தக் கணக்குல கிளஸ்டர் மாடல்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. லித்தியம் 6 லூசா கெடக்க அணுக்கரு, ஒரு ஆல்ஃபாவும் ஒரு டியூட்ரானும் ஒட்டி நிக்குற மாதிரி. அதுல ஒரு லாம்டாவப் போட்டா ரெண்டும் கிட்ட வந்து மொத்தமும் சுருங்கும்னு மோட்டோபாவும் கூட்டாளிகளும் 1983-லயே சொல்லிட்டாங்க, ஜப்பான்ல கேஇகே ஆய்வகத்துல காமா கதிர் வச்சு அளந்து 2001-ல வெளியிட்டப்ப ஏறக்குறைய 19 சதவீதம் சுருங்கித்தான் இருந்துச்சு. பதினெட்டு வருஷம் கழிச்சு வந்த அளவு! ஜப்பான் ஆராய்ச்சியாளர் ஹியாமா இதே பாதையில நாலு கிளஸ்டர் வரைக்கும் ரொம்ப துல்லியமா போட்டுக் காட்டிட்டாங்க. கொறன்னு பாத்தா, நிறை எண் 10, 12-ஐத் தாண்டினா கிளஸ்டர்னு பிரிச்சுப் பாக்குறதே கஷ்டமாயிரும்.

ஷெல் மாடல், அதாவது துகளெல்லாம் அடுக்கடுக்கான லெவல்ல இருக்குனு எடுக்குறது, அவ்ரஹாம் கால், டாலிட்ஸ், சோப்பர்னு ஆராய்ச்சியாளருங்க தொடங்கி மில்லனர் வரைக்கும் வந்த பாதை. அணுக்கரு விடுற காமா கதிரோட ஆற்றல் கோடுகள வரிசையா விளக்க இத மிஞ்சி ஒண்ணும் இல்ல, ஆனா அதுல வர ஸ்பின் பாராமீட்டருங்க பெரும்பாலும் அதே காமா கோடுகள்ல இருந்து எடுத்ததுதான்.

ஈயம் 208 மாதிரி பெரிய அணுக்கரு வேணும்னா சராசரி புல மாடல்தான் வழி, அதாவது ஒவ்வொரு துகளும் மத்த எல்லாம் சேந்து உண்டாக்குற சராசரி புலத்துல இருக்குனு எடுக்குறது, ஸ்கிர்மி விசைய வச்சதா இருந்தாலும் சரி, சார்பியல் சேத்த ஆர்எம்எஃப்பா இருந்தாலும் சரி. சாதா லேப்டாப்ல ஓடும், கோடும் நீங்களே எழுதிரலாம், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா ஸ்பின் ஆர்பிட்ல பாத்து போவணும், அது துகளோட ஸ்பின்னுக்கும் அது சுத்துற பாதைக்கும் உள்ள பிணைப்பு, அதனால ஒரு லெவல் ரெண்டா பிளக்கும். ஆக்சிஜன் 16 பக்கம் நியூக்ளியானுக்கு அந்தப் பிளவு 6 எம்இவி, லாம்டாவையும் சேத்து நிறை எண் 13 வர கார்பன்ல லாம்டாவுக்கு வெறும் 0.15 எம்இவி. சாதாரண கப்ளிங் வச்ச ஆர்எம்எஃப் இத கூட்டித்தான் காட்டும், விசையக் கடத்துற ஒமேகா மீசானோட டென்சர் கப்ளிங்குங்குற கூடுதல் பதத்தச் சேத்தாத்தான் எறங்கும்.

ஆப் இனிஷியோங்குறது துகளுக்கு இடையில உள்ள அடிப்படை விசையில இருந்து (கைரல் விசைனு சொல்லுவாங்க) தொடங்கி, எல்லாத் துகளையும் கணக்குல சேக்குற நோ கோர் ஷெல் மாடல்ல நேரடியாப் போடுறது, எவ்வளவு பிழை வரும்னும் சேத்தே சொல்லுது, அந்த நேர்மைக்காகவே மதிக்கணும். ஆனா பெரிய கம்ப்யூட்டர் வேணும், அதோட அடித்தளத்துலயே தட்டுப்பாடு: நியூக்ளியான் மோதலுக்கு ஆயிரக்கணக்குல டேட்டா இருக்கு, லாம்டா புரோட்டான் மோதலுக்கு சில பத்துதான், அதுலயும் பாதிக்கு மேல 1960-கள்ல பபிள் சேம்பர்ல எடுத்தது. ஹைப்பர் ட்ரைட்டான்ல (ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், ஒரு லாம்டா) லாம்டா ஒட்டியிருக்க ஆற்றல் பழைய எமல்ஷன்ல 0.13 எம்இவி, 2020-ல அமெரிக்காவுல புரூக்ஹேவன் ஆய்வகத்து ஸ்டார் குழு 0.41-னு சொல்லிச்சு. அந்த எண்ண நம்பி விசைய ஃபிட் பண்ணினா மேல வர எல்லாமே ஆடும்.

இன்னொண்ணு, நாலுல எத எடுத்தாலும் லாம்டாவும் ரெண்டு நியூக்ளியானும் சேந்த மூணு துகள் விசைய விட்டுராதீங்க. 2010-ல ரெண்டு சூரிய நிறை கிட்ட ஒரு நியூட்ரான் நட்சத்திரம் தெரிஞ்ச பெறவு, உள்ள லாம்டா வந்தா அம்புட்டு நிறையத் தாங்காதுங்குற கேள்வி அப்பிடியே நிக்கு, பலரும் இந்த விசையிலதான் பதில் தேடுதாங்க.

எனக்க கருத்து கேட்டா, இங்க இருந்து தொடங்குற ஒரு பிள்ள ஸ்கிர்மி கோட் எழுதி பொட்டாசியம் 39-லயும் 47-லயும் லாம்டாவப் போட்டு (லாம்டாவையும் சேத்தா நிறை எண் 40, 48), மூணு துகள் விசையோட ஒருக்கா, இல்லாம ஒருக்கா ஓட்டிப் பாக்கலாம். அமெரிக்காவுல ஜெஃபர்சன் லேப்ல கால்சியம் 40, 48 டார்கெட் வச்சு இதே ரெண்டையும் அளக்கத் திட்டம் போட்டிருக்காங்க, அவங்க எண் வரதுக்கு முன்னாடி உங்க எண்ண எழுதி வச்சிருங்க.