மாருதி 800-க்கு மேட் பிளாக்: நாலு வருஷம் ஓட்டிய பிறகு

வண்டி 2007 மாடல் மாருதி 800. அப்பா புதிதாக வாங்கியது, வெள்ளை நிறம். 2022 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், அதை மேட் பிளாக், அதாவது பளபளப்பில்லாத கறுப்பு, ஆக்கினேன். அதற்கப்புறம் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது. திருநெல்வேலி வெயில், போர் தண்ணீர், வேப்பமரத்துக் காக்கா, ஆயுத பூஜைச் சந்தனம் எல்லாவற்றையும் அந்தப் பெயிண்ட் பார்த்துவிட்டது. அடித்த அன்றைக்கே படம் எடுத்துப் போட்டு ‘செம’ என்று எழுதுவது சுலபம். நாலு வருஷத்தில் அது என்ன ஆனது என்பதுதான் இங்கே விஷயம்.

ஆசையைக் கிளப்பியது 2021-ல் வந்த கியா செல்டாஸ் எக்ஸ் லைன். கம்பெனியிலிருந்தே மேட் கிராஃபைட் நிறத்தில் வந்த வண்டி. ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஆசைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. பதினஞ்சு வருஷ வண்டியில் கதவு, பானெட் எல்லாம் லேசாக அலை அலையாக இருக்கும். பளபள பெயிண்ட் அடித்தால் டியூப்லைட் வெளிச்சம் அதில் நெளிந்து நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். மேட் அப்படிக் காட்டாது. அதனால் டிங்கரிங் செலவு குறையும் என்று நினைத்தேன். அந்த அளவில் நான் நினைத்தது சரிதான். பட்டறைக்காரரின் கைக்குறையை மேட் நன்றாகவே மறைக்கிறது. நம் கை பட்டதை மட்டும் மறைப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்ஜெட் 12,000 ரூபாய் என்று வைத்திருந்தேன். அதையும் மிச்சம் பிடிக்கலாமே என்று முதலில் பானெட்டை நானே ஸ்ப்ரே டின் வாங்கி அடித்தேன். 400 மில்லி டின் ஆறு, 1,680 ரூபாய். மூன்றாவது டின்னிலேயே தெரிந்துவிட்டது. கை போன பாதையெல்லாம் பட்டை பட்டையாக, ஒரு பட்டை சாம்பல், ஒரு பட்டை கறுப்பு. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வரிக்குதிரை.

ஏன் அப்படி ஆகிறது என்று பிறகுதான் புரிந்தது. மேட் பெயிண்டில் சிலிக்கா மாதிரியான மிக நுண்ணிய துகள் கலந்திருக்கும். பெயிண்ட் காயும்போது அது மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக்குகிறது. விழுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் பளபளப்பு இல்லை. ஓரிடத்தில் கனமாகவும் இன்னோரிடத்தில் மெல்லிசாகவும் விழுந்தால் இரண்டும் இரண்டு மாதிரிக் காயும். கனமாக, ஈரமாக விழுந்த இடம் கொஞ்சம் மினுங்கும். டின்னைச் சரியாகக் குலுக்காவிட்டால் துகள் அடியில் தங்கிவிடும். சாதாரணப் பெயிண்ட் என்றால் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) போட்டுத் தேய்த்து, ரப்பிங் செய்து, பாலிஷ் போட்டுச் சரி பண்ணலாம். மேட்டில் தேய்த்தால் சொரசொரப்பு போய் அந்த இடம் மினுங்க ஆரம்பித்துவிடும். விழுந்தது விழுந்ததுதான்.

அப்புறம்தான் புறவழிச் சாலையோரப் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். பானெட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இத மொதல்ல வழிச்சு எடுக்கணும். அதுக்குத் தனிக் கூலி” என்றார். நான் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

அவர் சொன்ன விலைகள்: வண்டி முழுக்க பி.யு. மேட் என்றால் 25,000-க்குக் குறையாது. என்.சி. பெயிண்டில் மேட் என்றால் கிட்டத்தட்ட அதில் பாதி. பெயிண்டுக்குப் பதில் வண்டி முழுக்க ஸ்டிக்கர் சுற்றி ஒட்டுகிற இடத்தில் தனியாக விசாரித்தேன், 35,000 சொன்னார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: என்.சி. என்பது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்கிற பெயிண்ட். சீக்கிரம் காயும், விலை குறைவு, மறுபடி தின்னர் பட்டால் கரையும். பி.யு.வில் ஹார்ட்னர் கலப்பதால் அது ரசாயன மாற்றம் நடந்து இறுகுகிறது. பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும்.

நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வெயில் நேராக விழுகிற பானெட், கூரை இரண்டுக்கும் பி.யு.; பக்கவாட்டுக் கதவுகள், ஃபெண்டர், டிக்கி டோர் இவற்றுக்கு என்.சி. “ரெண்டும் ஒரே கறுப்பா வராது தம்பி” என்று அண்ணாச்சி இரண்டு தடவை சொன்னார். கேட்கவில்லை. அவர் சொன்னபடியேதான் வந்தது. ஆனால் மேலே படுத்திருக்கிற தகடும் பக்கத்தில் நிற்கிற தகடும் எப்படியும் வெளிச்சத்தை வேறு வேறு மாதிரி வாங்கும் என்பதால் முதல் ஒரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கஞ்சத்தனத்தில் ஒரே ஒரு லாபம் உண்டு: இரண்டு பெயிண்டையும் ஒரே வண்டியில், ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

பணம் நிறையத் தின்றது பெயிண்ட் இல்லை, துரு. கதவின் அடிப்பக்கம் தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்து, உள்ளேயே தேங்கி, நாலு கதவில் மூன்று அரித்திருந்தது. பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் அப்படித்தான். வெட்டி எடுத்து, தகடு வைத்து வெல்டு அடித்ததற்கு மட்டும் 6,000. பட்டி, பிரைமர், பேப்பர் 3,200. பி.யு. ஹார்ட்னரோடு 2,800, என்.சி.யும் தின்னரும் 2,000, கூலி 7,000. நான் முதலில் வீணாக்கிய ஸ்ப்ரே டின்னையும் சேர்த்தால் 22,680 ரூபாய். பன்னிரண்டாயிரம் பட்ஜெட் என்று ஆரம்பித்தவன் நான். இன்னும் மூவாயிரம் போட்டிருந்தால் முழுவதுமே பி.யு. அடித்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றைக்கும் வண்டியைக் கழுவும்போதெல்லாம் வரும்.

மிச்சம் பிடித்த இன்னொரு இடம் கதவின் உள் ஓரம். வெளியே மட்டும் கறுப்பு, திறந்தால் பழைய வெள்ளை. நுங்கு சீவின மாதிரி இருக்கும். நாலு வருஷமாக வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

டிக்கி டோர் ஒரு தனிக் கதை. மார்கழிப் பனி என்பதால் அண்ணாச்சி காலையில் பதினோரு மணிக்கு முன்னால் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கவே மாட்டார். பொங்கலுக்குள் வேண்டும் என்று நான் அவசரப்படுத்தியதில் டிக்கியை மட்டும் ஒரு நாள் சாயங்காலம் ஆறரைக்கு மேல் அடித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் திருநீறு பூசித் துடைத்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரம் பெயிண்டில் படிந்துவிடுகிறது. மறுபடி ஒரு வெயில் நாளில் அடித்தார், கூலி வாங்கவில்லை. தப்பு என்னுடையது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு மாமா கேட்டது: “பிரைமர் அடிச்சாச்சா, பெயிண்ட் எப்ப?” அம்மாவுக்குக் கறுப்பு என்பதே பிடிக்கவில்லை. “ஏலே, வெள்ளை வண்டிய ஏம்ல சனி கலர்ல மாத்துன?” என்று ஒரு வாரம் ஏறவே இல்லை.

முதல் வருஷம் பிரமாதமாக இருந்தது. பெட்ரோல் பங்கில் பையன்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தொடுவதுதான் பிரச்சினை. கதவுக் கைப்பிடிக்குக் கீழே விரல் நகம் உரசுகிற இடம், டிக்கியை அழுத்தி மூடுகிற இடம், ஜன்னலில் கை வைத்துப் பேசுகிற இடம் எல்லாம் ஒன்றரை வருஷத்தில் எண்ணெய் தடவின மாதிரி மினுங்க ஆரம்பித்தன. கழுவினால் போகாது, அது அழுக்கு இல்லை, சொரசொரப்பு தேய்ந்துபோன இடம். என்.சி. அடித்த கதவில் இது வேகமாக வந்தது. பி.யு. பானெட்டில் இன்றைக்கும் அவ்வளவாக இல்லை.

ஒரு தடவை பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்தேன். டிக்கி மேல் படிந்த தூசியில் தெருப் பிள்ளைகள் விரலால் ஒரு மீன் வரைந்திருந்தார்கள். செதில், வால், பக்கத்தில் இரண்டு குமிழி. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் மீன் அப்படியே இருக்கிறது. விரலுக்கு அடியில் மாட்டிய தூசியே உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. இன்றைக்கும் நாலரை மணிக்கு மேல் வந்தால் பார்க்கலாம்.

பெட்ரோல் மூடிக்குக் கீழே இன்னொரு கோடு. பங்கில் நாசிலை எடுக்கும்போது சொட்டியதை நான் உடனே துடைக்கவில்லை. என்.சி.யில் ஒரு விரல் அகலத்துக்குக் கறை இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் பெட்ரோல் போடும்போது ஈரத்துணியோடு இறங்கிப் பக்கத்தில் நிற்பேன். காக்கா எச்சத்துக்கும் அதே துணிதான். அரை நாள் வெயிலில் விட்டால் வட்டமாகத் தடம் போட்டுவிடும். வேப்பமர நிழலை விட்டுவிட்டு வெயிலில் நிறுத்துகிறேன், வேறு வழியில்லை. கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு அக்னி நட்சத்திரத்தில் ஏறுவது எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. வெள்ளையாக இருந்தபோது 800-இன் ஏ.சி. ஐந்து நிமிஷத்தில் ஆளைத் தேற்றிவிடும். இப்போது பாளையங்கோட்டை தாண்ட வேண்டும்.

முதல் ஆயுத பூஜைக்கு அம்மா மனம் மாறி, பானெட்டில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம் வைத்தார். மூன்று நாள் கழித்துக் கழுவினேன். பி.யு. என்பதால் சந்தனம் போனது, குங்குமத்தின் நிழல் மட்டும் நாலைந்து மாதம் தெரிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து பொட்டு கண்ணாடிக்கும் நம்பர் பிளேட்டுக்கும்தான்.

கழுவுவதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம். வாட்டர் சர்வீஸில் பிரஷ் போட விடுவதில்லை. வேக்ஸ், பாலிஷ், டாஷ்போர்டுக்கு அடிக்கிற பளபள ஸ்ப்ரே எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. சாதாரண கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி, சாயங்கால நிழல். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. அதனால் கடைசி இரண்டு வாளி மட்டும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர். வெள்ளை வண்டிக்கு மாதம் ஒரு கழுவல் போதும் என்றிருந்தவன் இப்போது வாரம் ஒருமுறை கழுவுகிறேன், ஏனென்றால் செம்மண் தூசி மேட்டில் பவுடர் பூசின மாதிரி உட்காருகிறது.

இரவு விஷயம் முக்கியம். விளக்கில்லாத ரோட்டில் ஓரமாக நிறுத்தினால் வண்டி இருப்பதே தெரியாது. ஒருநாள் களக்காடு ரோட்டில் நிறுத்தியிருந்தபோது ஒரு பைக்காரர் கடைசி நிமிஷத்தில் வளைத்துப் போனார். மறுநாளே பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டிவிட்டேன். அழகு குறைந்தது, பரவாயில்லை.

ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். எனக்கு அந்த வருஷமே பதினஞ்சு வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்ததால், வண்டியை நேரில் காட்டும்போது காகிதத்தில் வெள்ளை, எதிரே கறுப்பு என்று நிற்க முடியாது என்று முன்னாலேயே செய்துவிட்டேன். மேட்டிலேயே ராணுவப் பச்சை அடிக்க ஆசைப்படுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று விதியே இருக்கிறது.

இன்றைய நிலவரம்: பானெட்டும் கூரையும் இன்னும் கறுப்புதான், கூரை நடுவில் லேசாக வெளுத்திருக்கிறது. கதவுகள் கரும்பலகையை டஸ்டரால் துடைத்த நிறத்துக்கு வந்துவிட்டன. இரண்டும் சேருகிற கோட்டில் வித்தியாசம் இப்போது யாருக்கும் தெரியும். இடது ஃபெண்டரில் ஒரு ஆட்டோ உரசியதை டச் அப் பண்ணிப் பார்த்தோம். ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்ததால் ஃபெண்டர் முழுவதையும் அடிக்க வேண்டியதாயிற்று. அது மட்டும் புதுக் கறுப்பாக நிற்கிறது.

போன வாரம் அண்ணாச்சியிடம் காட்டினேன். பக்கவாட்டு முழுவதையும் பி.யு.வில் அடிக்க 14,000 சொன்னார். “பேசாம பளபளன்னே அடிச்சிருவமா தம்பி?” என்று ஒரு கேள்வியும் போட்டார். வேண்டாம் என்றேன். பங்குனியில் விடுவதாகப் பேச்சு, பனியும் இருக்காது. கதவின் உள் ஓரத்தையும் இந்தத் தடவை சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனியாக இரண்டாயிரம் கேட்கிறார்.