எச்சரிக்கை: ஏல விலை அட்டவணையை நம்பிக் கையெழுத்துத் தாள் வாங்கி ஏமாந்தேன்

பழைய விளையாட்டு நினைவுப் பொருள்களை இணைய ஏலத்தில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பு இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் பதினேழு வீரர்களும் தம் கைப்பட ஒப்பமிட்ட தாள் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது வெறும் அச்சு நகல். அதற்கு நான் கொடுத்தது என் மூன்று மாதச் சம்பளம். புகார் இன்னும் முடிவுக்கு வராததால் ஏல நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்னை வளைத்த விதத்தை முழுமையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை.

அந்த அணியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஓரிரு வரிகள். டான் பிராட்மன் தலைமையில் அந்தச் சுற்றுப்பயணத்தில் ஆடிய 34 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர்கள் தோற்கவில்லை. ஓவல் மைதானத்தில் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆட வந்த பிராட்மன் இரண்டாவது பந்திலேயே ரன் எடுக்காமல் ஆட்டமிழந்ததும், அதனால் அவருடைய சராசரி 99.94-இல் நின்றுபோனதும் அந்தப் பயணத்தில்தான். அந்தக் கோடையின் காகிதம் ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. விற்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஆசை நெடுந்தொலைவிலிருந்தே தெரிந்துவிடும் போலும்.

ஏலப் பட்டியலில் அந்தத் தாளின் படத்துக்குக் கீழே ‘சமீபத்திய விற்பனைகள்’ என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருந்தது. 2020 ஜனவரியில் ஷேன் வார்னேயின் பச்சை டெஸ்ட் தொப்பி 10,07,500 ஆஸ்திரேலிய டாலர். அதே ஆண்டு டிசம்பரில் பிராட்மனின் முதல் டெஸ்ட் தொப்பி 4,50,000. 2022 மே மாதத்தில் மரடோனா ‘கடவுளின் கை’ கோல் அடித்த ஆட்டத்தின் சட்டை 71 லட்சம் பவுண்டுக்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் அச்சிட்ட 1952 சேகரிப்பு அட்டை 1.26 கோடி அமெரிக்க டாலர். 2024 ஆகஸ்டில் இன்னொரு பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் 1932 சட்டை 2.41 கோடி டாலர். அந்த டிசம்பரில் பிராட்மனின் 1947–48 தொப்பி 4,79,700 ஆஸ்திரேலிய டாலர். இந்த வரிசையின் அடியில், அதே எழுத்தில், அதே அளவில், எனக்கு விற்கப்பட்ட தாளின் மதிப்பீடு. மேலே இருந்த தொகைகளைப் பார்த்துவிட்டு அந்தக் கடைசி வரிக்கு வரும்போது, மூன்று மாதச் சம்பளம் என்பது ஏதோ சலுகை விலை போலத் தோன்றியது.

நிதானமாக உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே அந்த அட்டவணை அவிழ்ந்துவிட்டிருக்கும். வார்னே தன் தொப்பியை விற்றது ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீ நிவாரணத்துக்காக. அந்தத் தொகையில் எவ்வளவு தொப்பிக்கு, எவ்வளவு நன்கொடைக்கு என்று யாராலும் பிரிக்க முடியாது, ஆகவே அதைச் சந்தை விலை என்று மேற்கோள் காட்டுவதே தவறு. பிராட்மனின் தொப்பிகள் அவர் தலையில் இருந்தவை, விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவருடைய கையெழுத்து அப்படிப்பட்டதல்ல. 2001-இல் இறக்கும் வரை தமக்கு வந்த கடிதங்களுக்கு அலுக்காமல் பதில் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்திட்டு அனுப்பியவர் அவர். அரிய பொருளின் விலையைக் காட்டி அரிதல்லாத பொருளை விற்பதுதான் அந்த அட்டவணையின் வேலை. மேன்டிலின் அட்டைக்கும் கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்துக்கும் என்ன உறவு என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொன்று, கட்டணம். ஏலத்தில் சுத்தியல் விழும்போது நிற்கும் தொகை வேறு, வாங்குபவர் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்கும் தொகை வேறு. 2024-இல் பிராட்மன் தொப்பிக்குச் சுத்தியல் விழுந்தது 3,90,000-இல். கட்டணம் சேர்ந்துதான் அது 4,79,700 ஆயிற்று. எனக்குக் காட்டிய அட்டவணையில் பழைய விற்பனைகள் கட்டணத்தோடும், என் தாளின் மதிப்பீடு கட்டணம் இல்லாமலும் அச்சிடப்பட்டிருந்தன. ஏலம் என் பெயருக்குப் படிந்த பிறகு வந்த சீட்டில்தான் நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதல் என்று கண்டேன். நிபந்தனைகளின் பக்கத்தில் அது இருக்கத்தான் செய்தது. படிக்காதது என் தவறு.

இறங்கிய விலை எதுவும் அந்த அட்டவணையில் இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்தவர்களின் பணம் இந்தச் சந்தையில் வந்து கொட்டியபோது, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் 1986 சேகரிப்பு அட்டையில், தர மதிப்பீட்டில் உச்ச மதிப்பெண் பெற்ற பிரதி ஒன்று 2021 ஜனவரி இறுதியில் 7,38,000 டாலருக்குப் போனது; சில மாதங்களுக்குள் அதே தரத்திலுள்ள பிரதிகள் ஏறத்தாழ இரண்டு லட்சத்துக்கு வந்துவிட்டன. உலகிலேயே ஒன்றே ஒன்று இருக்கும் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் அஞ்சல்தலைகூட 2014-இல் 94.8 லட்சம் டாலருக்கு விற்று, 2021-இல் சுமார் 83 லட்சத்துக்குத்தான் போயிற்று. ஒற்றைப் பிரதிக்கே இந்தக் கதி என்றால், பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் காகிதங்களின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நான் எதை வைத்து நம்பினேன் என்று இப்போது எனக்கே புரியவில்லை.

ஏலம் நடந்த அன்று என்னோடு போட்டியிட்டவர் ஒரே ஒருவர். நான் எவ்வளவு கேட்டாலும் அடுத்த நொடியே மிகச் சிறிய தொகை ஒன்றை ஏற்றிக் கேட்டவர், நான் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த உச்சவரம்புக்கு ஒரு படி கீழே வந்ததும் நின்றுவிட்டார். அது ஆள் வைத்து ஏற்றியதா, தற்செயலா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இத்தொழிலில் அது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் விளையாட்டு நினைவுப் பொருள் ஏலத்தில் கொடிகட்டிப் பறந்த பில் மாஸ்ட்ரோ, தன் நிறுவனத்தின் ஏலங்களில் போலியாக விலை ஏற்றியதை 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற சேகரிப்பு அட்டை ஒன்றின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதையும் அப்போது ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு இருபது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தாள் வந்து சேர்ந்தது. சட்டமிட்டு, கண்ணாடி போட்டு, பின்புறம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பத்து நாள் சுவரில் மாட்டி அழகு பார்த்த பிறகுதான் ஒரு நண்பர் வந்து, சட்டத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியை அவரே கொண்டு வந்திருந்தார். மைப்பேனாவால் எழுதினால் ஒரு கோடு இன்னொரு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை இரட்டித்துக் கறுத்திருக்கும். கோட்டின் ஓரத்தில் காகித இழைகளுக்குள் மை மெல்லிய வேர்போல ஊறியிருக்கும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முள் அழுந்திய தடம் தெரியும். என் தாளில் இவற்றில் ஒன்றும் இல்லை. பதினேழு பேரும் ஒரே பேனாவை, ஒரே அழுத்தத்தில் பிடித்து எழுதினாற்போல ஒரே கறுப்பு. கடக்கும் இடங்களில்கூடக் கோடு தட்டையாக, மாற்றமின்றிப் போயிற்று.

சரி, 1948-இலேயே அச்சடித்த தாளாக இருக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். வந்து குவியும் கையெழுத்துக் கோரிக்கைகளைச் சமாளிக்க, ஒப்பங்களை அச்சிட்ட தாள்களைக் கொடுத்தனுப்பும் வழக்கம் அக்காலத்து அணிகளுக்கு உண்டு. கைப்பட இட்டதாகாவிட்டாலும் அது அந்தக் கோடையின் காகிதம்தானே. நண்பர் பதில் சொல்லாமல் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சிறிய புறஊதா விளக்கைத் தாளின் மேல் பிடித்தார். தாள் முழுவதும் புதிதாகத் துவைத்த வெள்ளைச் சட்டையைப் போல நீலம் பாய்ந்து ஒளிர்ந்தது. காகிதத்தை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் 1950-களுக்குப் பிறகே காகித ஆலைகளில் பரவலாகின. ஓரங்களில் இருந்த பழுப்பு நிறம் மட்டும் அந்த ஒளியில் மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. தேயிலைச் சாறாக இருக்கும் என்றார் நண்பர்.

தாளோடு வந்த நம்பகச் சான்றிதழில் பளபளக்கும் முத்திரையும் எண்ணும் இருந்தன. அந்த எண்ணை இணையத்தில் சரிபார்த்தபோது ‘உண்மையானது’ என்று பதில் வந்தது. சரிபார்க்கும் தளத்தை நடத்துபவர் யார் என்று தேடிப் பார்த்தால், தாளை ஏலத்துக்குக் கொடுத்தவரின் நிறுவன முகவரியே அதற்கும் இருந்தது. திருப்பி அனுப்புவதாகச் சொன்னதற்கு ஏல நிறுவனம் நிபந்தனையைச் சுட்டிக்காட்டியது: பொருள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது, மறுப்பு இருந்தால் பதினான்கு நாளுக்குள் அவர்கள் ஏற்கும் வல்லுநரின் எழுத்துமூலக் கருத்தோடு வர வேண்டும். நான் சட்டத்தைக் கழற்றியதே பதினொன்றாம் நாள். கண்ணாடிச் சட்டமும் பின்புறம் ஒட்டிய காகிதமும் அழகுக்காக மட்டும் போடப்பட்டவை அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே இப்படிப்பட்ட தாளை வாங்குவதாக இருந்தால், சட்டமில்லாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில், கோடுகள் கடக்கும் இடத்தை நெருக்கமாக எடுத்த படத்தை ஏலத்துக்கு முன்பே கேளுங்கள்; தர மறுத்தால் விட்டுவிடுங்கள். விலை அட்டவணை காட்டினால், அதே வகைத் தாள்கள் கடந்த ஓராண்டில் சுத்தியல் விலையில் எவ்வளவுக்குப் போயின, எத்தனை விலைபோகாமல் திரும்பின என்று கேளுங்கள். என் கேள்விக்கு வந்த பதில், “அந்த விவரத்தை வெளியிடுவதில்லை” என்பது.

சென்ற வாரம் அதே நிறுவனத்தின் புதிய பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. அதில் இன்னொரு 1948 தாள் இருக்கிறது. என் தாளை எடுத்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினேழு ஒப்பங்களும் அதே இடத்தில், அதே சாய்வில், பிராட்மனின் கடைசி எழுத்தின் வால்கூட அதே தூரத்தில் நிற்கிறது. கீழே அதே அட்டவணை. தொப்பிகள், சட்டைகள் எல்லாம் அப்படியே இருக்க, ‘சமீபத்திய விற்பனைகள்’ வரிசையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 1948 அணியின் கையெழுத்துத் தாள், நான் கொடுத்த தொகை, கட்டணத்தோடு.