பிறந்தநாள் விருந்துக்குக் கட்டுப்படியான விலையில் கப்கேக்

மகளின் பிறந்தநாளுக்காக, தாம்பரத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒருவரிடம் முட்டை சேர்க்காத கப்கேக்குகளை வாங்கினோம். பெரிய கடைகளில் ஒன்றுக்கு 80 ரூபாய் சொன்ன நிலையில், இவர் 35 ரூபாய்க்கே தந்தார். விலை குறைவென்பதால் தரத்தில் கை வைக்கவில்லை. கோகோ மணம் தூக்கலாக இருந்த கேக், பிட்டபோது உதிராமல் பஞ்சுபோல் வந்தது. அடியிலிருந்த காகிதக் கிண்ணத்தில் எண்ணெய்க் கசிவும் இல்லை. மேலே வைத்திருந்த கிரீம்தான் குறை: சென்னை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காமல் அரை மணி நேரத்துக்குள் இளகி வழிந்துவிட்டது. ஆகவே, பகல் விருந்தென்றால் கிரீமைத் தவிர்த்துவிட்டு, சாக்லேட்டை மட்டும் பூசித் தரச் சொல்வதே நல்லது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கும் 14 இலக்கப் பதிவு எண்ணைப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது, சிறு பிள்ளைகள் சாப்பிடும் பண்டம் என்பதால், எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. மூன்று நாள் முன்பே சொல்லி, பாதிப் பணத்தைக் கட்டிவிட வேண்டும்.